கூத்திற் பாட்டும் மத்தளமும்

ஈழத்துத் தமிழ்க் கூத்து நூல் ஒன்றை எடுத்துப் புரட்டுவோர், அதனுள் வெண்பா, விருத்தம், கொச்சகம், அகவல், தரு எனப் பலவகைப் பாக்கள் நிரல்பட அமைந்திருத்தலைக் காண்பர். ஒவ்வொரு பாட்டின் மேலும் அதனைப் பாடும் பாத்திரத்தின் பெயர் இருக்கும். சில பதிப்புகளில் இராகமும் தாளமும் குறிக்கப்பெற்றிருக்கும். முகப்பிற் புலவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர் மறைந்துபோயிருப்பின், அதனைத் தேடிப் பதிப்பாசிரியர் பட்ட பாடு முன்னுரையிற் சொல்லப்பட்டிருக்கும். ஆனால், அக்கூத்து ஆடப்பட்ட இரவுகளில் மத்தளங் கொட்டியவர் யாவர் என்பதைப் பெரும்பாலும் அந்நூலில் எங்குங் காண இயலாது. அவர் எதனைக் கொட்டினார் என்பதையுங் காண இயலாது. கூத்துப் பாட்டு என்பது இருவர் கூடிச் செய்யும் பொருள். அவ்விருவருள் ஒருவர் பங்கு மட்டுமே ஏடேறியது. மற்றவர் பங்கு கையிலேயே தங்கிவிட்டது. கைகள் மறையுந்தோறும் அப்பங்கும் உடன் மறைகின்றது. ஒலிப்பதிவுக் கருவி வந்த பின்னரே அதனைக் காக்கும் வழி பிறந்தது. எனினும் அவ்வழியும் மத்தளகாரர்க்கு எப்பொழுதும் நேர்மை செய்ததாகச் சொல்லுதற்கில்லை.

பழந்தமிழர் இவ்வாறு ஒருபக்கஞ் சாய்ந்தாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில், மாதவியின் ஆடலரங்கிற்கு வேண்டியவர்களை இளங்கோவடிகள் ஒவ்வொருவராக எடுத்து இலக்கணங் கூறுகின்றார். ஆடலாசான், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவ்வரிசை செல்கின்றது. புலவனுக்கு அடுத்து நிற்பவன் தண்ணுமையோன் என்பது கருதற்பாலது. கூத்தும் பாட்டும் தாளமும் அறிந்தவனாய், ஏனை இசை குறைந்தவிடத்து நிரப்பியும் மிக்கவிடத்து அடக்கியும் தன் கைத்தொழிலை நடத்த வல்லவனே அத்தொழிற்குரியவன் என்பது அடிகள் கருத்து. அந்நூலுக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், மத்து என்பது ஓசைப்பெயர் என்றும், இசைக்கருவிகள் எல்லாவற்றிற்குந் தளமாதலின் மத்தளம் எனப் பெயர் பெற்றது என்றும் விளக்குவர். சொல்லாராய்ச்சி வல்லார் இன்று இதனை ஏற்பரோ மறுப்பரோ, பண்டைய உரையாசிரியர் ஒருவர் மத்தளத்தைப் பக்கத்திற் கிடக்குங் கருவியாகக் கருதவில்லை, அடித்தளமாகவே கருதினார் என்பது இதனாற் பெறப்படும். புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளாக எண்ணிய நான்கனுள், துடியனும் பறையனுமாகிய இரு குடியினர் முழக்குவோர், பாணன் பாடுவோன். பாடுவோன் உயர்ந்தவன், முழக்குவோன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் அப்பாட்டில் இல்லை.

பாட்டும் முழவும் தொடக்கத்தில் ஓருடலிலேயே இருந்திருத்தல் கூடும் என்பதற்கு உடுக்கு இன்றுஞ் சான்றாகின்றது. குடாநாட்டு அம்மன் கோயில்களில் உடுக்கடித்துப் பாடுவோரைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். இடக்கை உடுக்கின் இடையைப் பற்றி அதன் நூலை இறுக்கியும் நெகிழ்த்தும் ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஆளும், வலக்கை தோலில் அடிக்கும், வாய் பாடும். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாய் ஓய, கை பேசும். இங்கே பாட்டு எது, அடி எது என்று பிரித்தல் அரிது. காத்தவராயன் சிந்துநடைக் கூத்தும் முன்னாளில் உடுக்கின் துணையுடனேயே பாடப்பட்டு வந்தது. பின்னாளில் ஆர்மோனியமும் மிருதங்கமும் அதனுட் புகுந்தன. பாடுவோரும் முழக்குவோரும் வேறு வேறாயினர். ஆயினும் பழைய உறவு அறுந்துவிடவில்லை. ஓருடல் செய்ததை ஈருடல் செய்யத் தொடங்கின என்று கொள்ளுதல் பொருந்தும்.

இவ்வுறவு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிய ஒரு தருவின் போக்கை எடுத்துக்கொள்ளலாம். பாத்திரம் களரிக்கு வருமுன் அண்ணாவியார் வரவுத் தாளக்கட்டைச் சொல்லுகின்றார். அச்சொற்கள் பொருளற்றவை, தா, தெய், தோம் என்று மத்தளத்தின் ஒலியை வாயாற் காட்டுபவை. மத்தளம் அதனை ஏற்கின்றது. கூத்தர் சதங்கை ஒலிக்க ஆடி வருகின்றார். ஆட்டம் ஒரு கட்டத்தை அடைந்ததும் தாளம் தீர்க்கப்படுகின்றது. அதன் பின்னரே பாட்டின் முதலடி எழுகின்றது. கூத்தர் பாடும்போது மத்தளம் தன் ஒலியைத் தாழ்த்திச் சொல்லுக்கு வழிவிடும். அடி முடியுமிடத்து மெல்ல எழுந்து அவ்விடைவெளியை நிரப்பும். பிற்பாட்டுக்காரர் அவ்வடியை ஏற்றுப் பாடும்போது முழுவலியுடன் ஒலிக்கும். அந்நேரத்திற் கூத்தர் மூச்சு வாங்கவும் ஆடவும் வாய்ப்புண்டாகின்றது. நல்ல மத்தளகாரர் கூத்தரின் வாயைப் பார்ப்பதிலும் காலைப் பார்ப்பதே மிகுதி என்பர். கால் தளர்ந்தது கண்டு காலத்தைச் சற்றே தணிப்பதும், கால் துடிப்பது கண்டு விரைவைக் கூட்டுவதும் அவர் செயல். பாடம் மறந்து நிற்கும் கூத்தருக்கு ஏடு பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுக்கும் வரையில், ஒரே அடியை இரண்டு மூன்று முறை திருப்பிக் கொட்டிச் சபையறியாமல் அம்மறதியை மூடுபவரும் அவரே. இந்த உதவியைப் பெறாத கூத்தர் மிகச் சிலரே ஆவர்.

அச்சிட்ட நூலில் இவையெல்லாம் இடம்பெறாமை இயல்பே எனச் சிலர் கூறலாம். ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளை நூல் சொல்ல வேண்டியதில்லை, பாட்டைச் சொன்னாற் போதும் என்பது அவர் வாதம். ஆனால் பாட்டே முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் ஈண்டு வற்புறுத்த வேண்டியது. ஓர் அடியில் நான்கு சீர்கள் உள்ளன என்றும், சீர் ஒன்று மூன்று மாத்திரை அளவினது என்றும் கொள்வோம். அவ்வடியை இடைவெளியின்றி மும்மை நடையிற் பாடினால் 12 மாத்திரை ஆகும். அதே அடியைச் சீர்தோறும் ஒரு மாத்திரை வெற்றிடம் விட்டுப் பாடினால் நான்மை நடையாகி 16 மாத்திரை ஆகும். சீர் மாறவில்லை, எதுகை மோனை மாறவில்லை, எழுத்து ஒன்றேனுங் கூடவில்லை. ஆயினும் முன்னது துள்ளி ஓடும். பின்னது நிமிர்ந்து நடக்கும். முன்னது தோழியர் கூடி ஆடுதற்குப் பொருந்தும். பின்னது அரசன் கொலுவுக்கு வருதற்குப் பொருந்தும். கூடிய நான்கு மாத்திரையும் மத்தளகாரர் நிரப்ப வேண்டியவை. அடியின் காற்பங்கு அவர் கையில் இருக்கின்றது. நூலை மட்டும் வைத்துக்கொண்டு யாப்பிலக்கணப்படி அப்பாட்டைப் படிப்பவர், அது துள்ளியதா நடந்ததா என்பதை அறியார். தாளத்தின் பெயரைத் தலைப்பில் இட்டுவிட்டால் இக்குறை தீரும் எனல் ஆகாது. வெற்றிடம் எங்கே விழுகின்றது, அது எவ்வாறு நிரப்பப்படுகின்றது என்பன தாளப் பெயரால் விளங்கா.

காத்தவராயன் கூத்தில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. மாரியம்மனின் மைந்தனான காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதும், அதன் பொருட்டுக் கழுவேறியதுமாகிய அக்கதை இரவு தொடங்கி விடியும் வரை நடைபெறும். காத்தானாக ஒருவரே முழுதும் நடிப்பதில்லை. பாலனாக ஒருவர், வளர்ந்தவனாக வேறொருவர், இறுதிக் கட்டத்திற்கு இன்னொருவர் என வயதுக்கேற்பக் கூத்தர் மாறுவர். ஒருவர் குரல் கீச்சென்றிருக்கும். மற்றவர் குரல் கனத்திருக்கும். சபையோர் அவரனைவரையும் ஒரே காத்தானாக ஏற்றுக்கொள்கின்றனர். அதற்குக் கதை ஒரு காரணம். மெட்டு ஒரு காரணம். ஆனால் மேடையோரத்தில் இராமுழுதும் மாறாமல் அமர்ந்திருந்து, சிந்துநடையை விடாது பிடித்துச் செல்பவரின் கையும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. குரல்கள் மாற, நடை மாறாதிருக்கின்றது. விடியுந் தறுவாயிற் கழுமரக் கட்டம் வரும்போது அந்தக் கைக்கு எத்துணைக் களைப்பு இருக்கும் என்பதைச் சபையோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

குடாநாட்டுக் கூத்துகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வட்டுக்கோட்டையில் வழங்கும் தருமபுத்திர நாடகம் வடமோடியைச் சார்ந்தது. அங்கே ஆட்டம் வலியது, மத்தளமும் வலியது. கரையோரக் கத்தோலிக்கர் வளர்த்த தென்மோடியில் ஆட்டங் குறைந்து பாட்டே மேலோங்கிற்று. பூந்தான் யோசேப்பு முதலான அண்ணாவிமார் பெற்ற புகழ், பெரும்பாலும் குரலாலும் பழக்கும் திறத்தாலும் பெற்ற புகழாகும். இவ்வேறுபாடுகளை விரிப்பின் அது வேறொரு கட்டுரையாகும்.

பாட்டினும் மத்தளம் நெடுந்தூரஞ் சென்றது என்பதற்குத் தென்னிலங்கையிலேயே ஒரு சான்றுண்டு. சிங்கள மக்களிடையே வழங்கிய நாடகம என்னும் கலைவடிவம், தமிழ்க் கூத்தின் வழிவந்ததென்பதைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார். கத்தோலிக்க மதத்தொடர்பால் வடமேற்குக் கரையோரமாகத் தெற்கே பரவிய அவ்வடிவத்தில் மொழி மாறியது. பாட்டுகள் சிங்களத்திற் புதியனவாக எழுதப்பட்டன. கதைகளும் நாளடைவில் மாறின. மாறாமற் போனது கொட்டுங் கருவி. அது அங்கே மத்தள என்றும், தெமள பெர என்றும் வழங்கப்படுகின்றது. தெமள பெர என்பதன் பொருள் தமிழ் மேளம் என்பதாகும். சொல் முழுவதும் உதிர்ந்த பின்னரும், வந்த வழியை மத்தளமே தன் பெயரிற் காத்துக்கொண்டது. ஏடு பிடித்து நின்று கதையை நடத்துபவர் பொத்தே குரு எனப் பெயர் பெற்றதும் நம் அண்ணாவியாரை நினைவூட்டும்.

அந்நாடகமவைப் பின்பற்றியே சரச்சந்திர 1956 இல் மனமே நாடகத்தை மேடையேற்றினார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். நூல்கள் பல கற்றவர். பாட்டு எழுத வல்லவர். ஆயினும் நாடகம மரபில் ஊறிய சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையை நாடியே அவர் அந்நாடகத்தின் இசையை அமைத்தார். எழுதுவோர் ஒருவரும் மரபுக் கையுடையார் ஒருவருமாக இருவர் கூடியதனாலேயே மனமே மனமேயாயிற்று. இன்றும் அந்நாடகத்தைப் பேசுவோர் சரச்சந்திர பெயரையே முதலிற் சொல்லுகின்றனர். குருன்னான்சேயின் பெயர் அறிந்தோர் அவரினும் மிகக் குறைவு.

மனமே தந்த ஊக்கம் தமிழர் பக்கத்தும் பயனளித்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் வாயிலாகக் கூத்துக்கு ஆற்றிய தொண்டு இரு கிளைகளை உடையது. ஒன்று பதிப்பு: அலங்காரரூபன் நாடகம் 1962 இலும், மூவிராசர் நாடகம் 1966 இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967 இலும் அச்சேறின. மற்றையது அரங்கு: பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இற் கர்ணன் போர் மேடையேறியது. இரண்டாவது தொண்டுக்கு நூல் மட்டும் போதவில்லை என்பதே இங்கு நாம் கருத வேண்டியது. மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்து, மாணவர்க்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்க வேண்டியிருந்தது. ஏடு கையிலிருந்தும் அண்ணாவியார் இன்றிக் கூத்து எழவில்லை. இராமுழுதும் ஆடுவதை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியபோது, பாட்டில் எதனை விடுவது என்பதை ஏட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். தாளக்கட்டில் எதனை விடுவது என்பதற்கு ஏடு உதவாது. அதனைச் சொல்ல மரபறிந்த கை வேண்டும்.

இனி ஒலிப்பதிவின் கதைக்கு வருவோம். எடிசன் 1877 இல் ஒலியெழுதுங் கருவியை உருவாக்கினார். பெர்லின் நகரில் 1900 இல் உலக மக்களின் இசையைத் திரட்டும் ஒலிக்காப்பகம் ஒன்று தோன்றியது. அங்கேரிய இசைவல்லார் பேலா பார்டோக் 1906 முதல் அக்கருவியைச் சுமந்துகொண்டு ஊரூராகச் சென்று குடியானவர் பாட்டுகளைப் பதிவு செய்தார். இம்முயற்சிகள் போற்றத்தக்கன. ஆயின் அக்காலக் கருவிக்கு ஒரு குறை இருந்தது. பாடுபவர் ஓர் ஊதுகுழல் போன்ற கூம்பின் வாயில் முகத்தை வைத்துப் பாட, அவ்வொலியின் அதிர்வே ஊசியை அசைத்துத் தடத்தை வெட்டும். கூம்பின் முன் தனிக்குரல் நன்கு பதியும். முழவை அருகில் வைத்து முழக்கினால் ஊசி நிலைதவறித் தடம் கெடும். ஆகவே முழவு தொலைவில் வைக்கப்பட்டது, அல்லது முற்றாக விலக்கப்பட்டது. மின்னாற்றலால் இயங்கும் ஒலிவாங்கி 1925 இல் ஒலிப்பதிவு நிலையங்களுக்கு வந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. பாட்டு முன்னும் முழவு பின்னும் என்ற வரிசைக்குக் கலைக் கோட்பாடு மட்டுமன்றிக் கருவியின் குறையுங் காரணமாயிற்று. கருவி திருந்திய பின்னரும் அவ்வரிசை திருந்தவில்லை. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளிற் பாடகர் பெயர் பெரிதாக நின்றது, பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

கால அளவும் ஓர் இடர்ப்பாடு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்திற் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். இராமுழுதும் நடக்கும் கூத்தை அதில் அடக்குவது, கடலைச் செம்பில் மொள்ளும் செயலாகும். அடக்கியவர் எதனை விட்டனர்? வரவுத் தாளக்கட்டை விட்டனர், தீர்மானத்தை விட்டனர், பிற்பாட்டைக் குறைத்தனர். சொல் மட்டும் எஞ்சியது. 1948 இல் நெடுநேர இசைத்தட்டும், 1963 இற் பிலிப்சு நிறுவனத்தாரின் கசெற் ஒலிநாடாவும் வந்தன. ஒலிநாடா 60 நிமிடம், 90 நிமிடம் எனப் பெருகியது. விலையும் மலிந்தது. ஊரவர் தாமே கூத்தைப் பதிந்து, தாமே படியெடுத்து, தாமே கேட்கும் நிலை தமிழர்க்கு முதன்முதல் வாய்த்தது இக்கசெற்றினாலேயே. 1982 இல் வந்த இறுவட்டு ஒலியைத் தெளிவாக்கியது. ஆனால் ஊரவர் கையிற் பதிவுக் கருவியைத் தந்த பெருமை கசெற்றுக்கே உரியது.

குடாநாட்டார்க்குக் கசெற் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவருதலுந் தடைசெய்யப்பட்டது. அந்நாளிற் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்னோட்டத்தால் வானொலியும் கசெற்றும் இயக்கினர். சுழற்றுபவர் தளர்ந்தால் ஒலியுந் தளரும். பாடுபவர் குரல் தடிக்கும், அடி விரிந்து போகும். அவர் மீண்டும் முனைந்தால் யாவும் நிமிரும். பாடுபவர், கொட்டுபவர் ஆகிய இருவரோடு சைக்கிள் சுற்றுபவரும் மூன்றாந் தாளக்காரராக அமைந்த காலம் அது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, கூத்துக்கு இன்றியமையாத ஒன்று சிதைந்தது. ஏட்டை மூட்டையிற் கட்டிக்கொண்டு போகலாம். அண்ணாவியார் ஓரிடம், மத்தளகாரர் ஓரிடம், பிற்பாட்டுக்காரர் பல நாடு என ஆனபின், இருவர் கூடிச் செய்யும் பொருளை ஒருவர் தனித்துச் செய்தல் எங்ஙனம்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் அழிந்ததை உலகறியும். பழகிய கைகள் பிரிந்து போனதற்கு எண்ணிக்கை இல்லை.

முழவுக்காரர் பெயரே முன்னிற்கும் ஒலிப்பதிவுகளும் யாழ்ப்பாணத்தில் உள்ளன. இணுவிற் பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு அன்பர்களின் பழைய ஒலிநாடாக்களில் எஞ்சியிருக்கின்றது. அவற்றைத் தேடிக் கேட்போர், நாதசுரம் யாருடையது என்று கேட்குமுன் தவில் அவருடையதா என்றே கேட்கின்றனர். தமிழகத்தின் பெரும் நாதசுர வித்துவான்களும் அவருடன் வாசிப்பதைப் பெருமையாகக் கொண்டனர். கோயிற் றவிலுக்குக் கிடைத்த இம்மதிப்புக் கூத்து மத்தளத்துக்குக் கிட்டவில்லை. பறைக்கு அதுவும் இல்லை.

பறையைப் பற்றி ஒளியாது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்தில் முழவுத் தொழில் சாதியோடும் ஊழியத்தோடும் பிணைக்கப்பட்டது. கொட்டுவோர் தம் கலைக்காக அழைக்கப்படாமற் கடமைக்காக அழைக்கப்பட்டனர். அதனால் அக்குடியிற் பிறந்த இளைஞர் பலர், இழிவோடு பிணைந்த கருவியையே கைவிட விரும்பினர். அவரைக் குறை கூறுதல் நீதியாகாது. மதிப்பின்றிக் கேட்டவர்களே கலை அழிகின்றதென்று வருந்துவது பொருந்தாச் செயல். தமிழகத்திற் கே. ஏ. குணசேகரன், கவிஞர் இன்குலாபின் மனுசங்கடா என்னும் பாட்டைப் பாடி ஒலிநாடாவாகப் பரப்பியபோது வேறொரு வழி தென்பட்டது. தாழ்வின் அடையாளமாகக் கருதப்பட்ட பறைக்கு எதிர்ப்பின் அரங்குகளிற் புது மதிப்புப் பிறந்தது. எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், முழக்கியவர் சிலர். எவர் பங்கும் மற்றவர் பங்கின் கீழ்ப்பட்டதாக அங்கு ஒலிக்கவில்லை.

இற்றைநாளிற் கூத்துப் பாடல்களைத் தொகுதியாக வெளியிட விரும்புவோர் ஒலிப்பதிவுக் கூடத்தையே நாடுகின்றனர். அக்கூடத்தின் வழக்கம் யாதெனில், முழவை முதலில் தனியே பதிதலும், பாடுபவர் பின்னொரு நாளில் வந்து செவிக்கருவியில் அதனைக் கேட்டுக்கொண்டு பாடுதலுமாகும். காலந் தவறாமலிருக்க ஒரே சீரான ஒலித்துடிப்பை இருவர்க்குங் கேட்கச் செய்வர். பதிவு பிழையற்றதாக அமையும். ஒவ்வொரு குரலையுந் தனியே திருத்தலாம். ஆனால், கால் பார்த்துக் கொட்டிய கைக்கு அங்கே கால் இல்லை. மூச்சு வாங்க விடப்பட்ட இடைவெளி இல்லை, ஏனெனிற் பாடுபவர் வேண்டியவிடத்து நிறுத்தி மறுபடி தொடங்கலாம். மறதியை மூடுங் கொட்டும் இல்லை. நள்ளிரவு கடந்தபின் தானே விரையும் நடை, சீரான துடிப்பின்முன் தலைதூக்காது. இருவரும் ஒருவரையொருவர் காணாமலே உருவான அத்தொகுதியின் அட்டையில் இருவர் பெயரையும் அச்சிட்டாலும், அவர்கள் கூடிச் செய்தது என்று சொல்லுதற்கு இடமில்லை.

களரியில் நேரே பதிதலும் எளிதன்று. வட்டக்களரியிற் கூத்தர் சுற்றி வருவதால் ஒரே ஒலிவாங்கிக்கு அவர் குரல் அணித்தாகியுஞ் சேய்மையாகியும் மாறும்; மத்தளம் ஓரிடத்தில் நிலைத்திருத்தலின் எப்பொழுதும் மிகுந்து ஒலிக்கும். மத்தளத்தின் வலந்தலையும் இடந்தலையும் வேறு வேறு ஒலியின. ஒருபக்கம் மட்டும் ஒலிவாங்கி வைத்தால் மறுபக்கம் மங்கும். மத்தளத்துக்கு இரண்டு, பிற்பாட்டுக்காரர்க்கு ஒன்று, கூத்தரின் காலடிக்கு ஒன்று என ஒலிவாங்கிகளைப் பகுத்து வைப்பின் சதங்கையும் சொல்லும் அடியும் ஒருங்கே அகப்படும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலும் மணிக்கணக்காகப் பதியக்கூடிய இந்நாளில் நேரக்குறைவு என்ற பழைய சாக்கும் இல்லை. சுருக்காமல் இரவு முழுவதையும் பதிந்து வைத்தல் வேண்டும். சுருக்கிய தொகுதியை வேண்டுவோர் அதிலிருந்து பின்னர் எடுத்துக்கொள்ளலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திக் காத்து வருகின்றனர். ஆதலின் வைக்குமிடம் இல்லை என்றும் எவரும் சொல்லமுடியாது. பதிவோடு சேர்க்க வேண்டிய குறிப்பில், ஏட்டை யாத்தவர் பெயருக்கு அடுத்த வரியில் மத்தளகாரர் பெயரும், அவர் எவரிடம் பழகினார் என்பதும் இடம்பெறுதல் முறை. இளங்கோவடிகள் வைத்த வரிசையும் அதுவே.

இவற்றினும் முதன்மையாகப் பதியத்தக்கது அரங்கேற்றத்து இரவு அன்று, அதற்கு முன்பு மாதக்கணக்காக நடக்கும் பழக்கமே. அண்ணாவியார் கூத்தர்க்குப் பாடஞ் சொல்லும்போது, முதலில் அடியைப் பாடிக் காட்டுவார்; உடனே அதற்குரிய கொட்டை வாயாற் சொல்லுவார்; பின்னர் இரண்டையும் இணைத்துத் தொடையிற் றட்டிக் காட்டுவார். உடுக்கில் ஒன்றாயிருந்து மத்தளத்திற் பிரிந்தவை அவ்வேளையில் மறுபடியும் ஒருவர் வாயிலிருந்தே வருகின்றன. கூத்தர் பிழைவிட்டால் அடியை நிறுத்தி, வெற்றிடம் எங்கே விழவேண்டும் என்று மெதுவாக எண்ணிக் காட்டுவார். மத்தளகாரர் அதனை மறுத்துத் தம் ஊர் வழக்கைச் சொல்லுவதும், இருவரும் வாதிட்டுப் பின் ஒரு முடிவுக்கு வருவதும் உண்டு. அரங்கேற்ற இரவிற் கேளாத இவ்வாதமே அக்கூத்தின் இலக்கண நூல். அதனைப் பதிவோர் இடையில் நிறுத்திவிடாமல், பாட்டு ஓய்ந்து பேச்சு நடக்கும் நேரத்திலுங் கருவியை ஓடவிட்டு வைத்தல் வேண்டும்.